கிளினிக் கொப்பி

எனக்கு முன்னால் இருந்த ஐயாவிடம்
மிஸ் கேட்டா:
வெத்திலை, சுருட்டு, சாராயம்?
ஐயா கூரையைப் பார்த்தார்.
"எப்பவாவது."
"கிழமைக்கு எத்தினை எப்பவாவது?"
வாங்கில் முழுக்கச் சிரித்தது.

பிறகு என் பேர்.
கண்ணை உயர்த்தாமலே
மூன்று பெட்டியிலும்
இல்லை, இல்லை, இல்லை என்று கோடிழுத்தா.
பேனாவுக்கே பதில் தெரிந்திருந்தது.

டொக்டர் கழுத்தில் விரல் வைத்து
தண்ணி விழுங்கச் சொன்னார்.
விழுங்கினேன்.
தொண்டையில் ஒன்று ஏறி இறங்கியது.
தைரொக்சின், ஐம்பதில் இரண்டு.
விடிய, வெறுவயிற்றில்.
அரை மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணியும் கூடாது.
வேறென்ன கூடாது என்று
நான் கேட்க வேண்டிய இடத்தில்தான்
அந்த மூன்று கோடும் கிடந்தன.

*

நாலே கால்.
கனகாம்பிகைக்குளத்தில் தவளைகள் இன்னும் ஓயவில்லை.
குளிசையை விழுங்கிவிட்டு
சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டு
தேத்தண்ணி ஆறுவதைப் பார்த்திருப்பேன்.
நாலே முக்காலுக்கு வாகனம்.

அம்பகாமத்தில்
ஒரு மீற்றர் அகலத்தில் எனக்கொரு பாதை.
சிவப்புத் தடிக்கு அங்கால்
நிலம் என்ன நினைக்கிறதென்று தெரியாது.
மெசின் கத்தினால் முழங்காலில் இருந்து
பக்கவாட்டில் சுரண்டுவேன்,
நித்திரைப் பிள்ளைக்கு நகம் வெட்டுவதுபோல.
ஆணி.
சன்னக் கோது.
சாராயப் போத்தல் மூடி.
மூடிக்கும் மிதிவெடிக்கும் மெசினில் ஒரே குரல்.
எந்தப் பக்கத்து ஆள் குடித்தானோ,
மூடியில் அது எழுதியிருக்கவில்லை.

முகக்கண்ணாடியைக் கழற்றினால்
உள்ளே கைப்பிடி முடி.

திங்கட்கிழமைகளில் மேற்பார்வையாளர்
ஆம்பிளையளின் வாயை மணந்து பார்ப்பார்.
எங்களைக் கடந்து போய்விடுவார்.
ஞாயிறில் நான் தொடுவதில்லை.
சட்டத்துக்கு இல்லை, விரல்களுக்குப் பயந்து.

*

சனி பின்னேரம் எமில்டாவும் நானும்.
வயின் ஸ்ரோர்சுக்குள் நாங்கள் போகேலாது.
ஓட்டோ நிமலரூபன் பேப்பரில் சுற்றிக் கொண்டுவருவான்.
"அண்ணைக்குத்தானே அக்கா" என்பான்.
அண்ணை இல்லாமல் பதினைந்து வருடம் என்பது
அவனுக்கும் தெரியும்.
அவனும் எனக்காக ஒரு பெட்டியில் கோடிழுக்கிறான்.

கால்போத்தல், இரண்டு பேருக்கு.
பொரித்த கருவாடு, வெங்காயம், தேசிக்காய்ப்புளி.
முதல் மிடறிலேயே எமில்டாவுக்குப் பாட்டு வரும்.
எனக்கு வெக்கை வரும்.
அதுக்காகத்தான் குடிக்கிறேன் என்றால் நம்புவீர்களோ?
வைகாசி வெயிலில்
போர்வை தேடுகிற ஒருத்திக்கு
உள்ளங்கால்வரை ஒரு மணித்தியாலச் சூடு.
இது முழுப் பொய் இல்லை.
முழுக்க உண்மையும் இல்லை.

ஞாயிறு விடிய முகம் ஊதியிருக்கும்.
பக்கத்து வளவு திலகேஸ்வரி
வேலிக்கு மேலால் பார்த்து
"அழுதனியோ?" என்பா.
சுரப்பியோ, சாராயமோ, அழுகையோ,
எல்லாத்துக்கும் இந்த ஒரு முகம்தான்.

ஒரு ஞாயிறு குளிசையை மறந்தேன்.
பிறகு எத்தனையோ ஞாயிறு.
மறக்கவில்லை.
எழும்பவில்லை.

*

மாசிக் கிளினிக்.
இரத்தக் கணக்கு ஏறியிருந்தது.
"குளிசை ஒழுங்காப் போடுறியளோ?"
"ஓம்."
பக்கம் புரளுமுன்
கொப்பியில் விரலை வைத்தேன்.
மிஸ், இந்தப் பெட்டி பிழை.

"எது?"
மூன்றாவது.

பேனா நின்ற இடத்தில்
நீலப் புள்ளியொன்று பெருத்தது.
பின்னால் வாங்கிலில்
யாரோ இருமினார்கள்.
குரலை இறக்கிக் கேட்டா:
"கிழமைக்கு எத்தினை?"

சொன்னேன்.
கால்போத்தலில் பாதி. சனியில் மட்டும்.
சனியில் மட்டுமில்லை, சில வெள்ளியும்.
ஞாயிறு குளிசை தவறுது.
இரண்டும் ஒண்டையொண்டு சந்திச்சால் என்ன நடக்கும் மிஸ்?

கதிரையைக் கிட்ட இழுத்தா.
"முதல் குளிசையைப் பற்றிக் கதைப்பம்.
அதைத் தவறவிடக்கூடாது.
மற்றதை டொக்டரிட்டையே நேரை கேளுங்கோ,
நானும் கூட வாறன்."
மூன்றாவது 'இல்லை'யை வெட்டினா.
மற்ற இரண்டையும் கொஞ்ச நேரம்
உற்றுப் பார்த்தா.

"அப்ப வெத்திலை?"

"சீ, இல்லை மிஸ்.
அது எமில்டா."